அகத்தி இல்லாத கொடி

வெளியூர் போய்ப் பெரிய படிப்புப் படித்துவிட்டு ஒருவன் தன் ஊருக்கே திரும்பி வந்தால் அவனை நாம் புகழ்கிறோம். திரும்பாமல் போன இடத்திலேயே தங்கிவிட்டவனைப் பற்றி, வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், மனசுக்குள் ஒரு குறை வைத்துக்கொள்கிறோம். இந்த நியாயம் நமக்கு எவ்வளவு பழகிப் போய்விட்டதென்றால், இதை ஒரு கேள்வியாக யாரும் எடுத்துக்கொள்வதே இல்லை. கதை எழுதுகிறவர்களுக்கும் இது சௌகரியம். கடைசி அத்தியாயத்தில் கதாநாயகனை ரயிலேற்றி ஊரில் கொண்டுவந்து இறக்கிவிட்டால் வாசகருக்குக் கண்கள் பனிக்கின்றன. ஸ்டேஷனோடு கதை முடிந்துவிடுகிறது. மறுநாள் காலையில் அவன் யாரோடு பேசுவான் என்பதை எந்த நாவலாசிரியனும் எழுதுவதில்லை.

அந்த மறுநாள் காலையைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

டாக்டர் திரும்பி வந்தால் நோயாளி காத்திருக்கிறான். வக்கீல் திரும்பி வந்தால் வழக்குக் காத்திருக்கிறது. எங்கள் பரமத்தி வேலூரில் வாய்க்கால் தண்ணீருக்கும் வரப்புக்கும் என்றைக்கும் வழக்குக்குப் பஞ்சம் கிடையாது. எழுத்தாளன் வந்தாலும் பிழைத்துக்கொள்வான். சந்தைக்குப் போனால் நாலு வார்த்தை காதில் விழும், அவனுக்கு அது போதும். ஆனால் தன் வேலை இன்னதென்று உலகத்தில் நூறு பேருக்கு மட்டுமே விளங்குகிற ஒருவன், அந்த நூறு பேரில் ஒருவரும் இல்லாத ஊருக்குத் திரும்பி வந்தால்? அதைத் தியாகம் என்று சொல்லலாமா? அல்லது அவன் தன் வேலைக்கே செய்த துரோகம் என்று சொல்லலாமா? துரோகம் என்பது கடுமையான வார்த்தைதான். ஆனால் புகழ்ச்சியும் சில சமயம் அதே அளவுக்குக் கடுமையானது.

மீனாட்சிசுந்தரம் என்றால் தமிழ் படித்தவர்களுக்கு முதலில் உ. வே. சா.வின் ஆசிரியரான மகாவித்துவான் நினைவுக்கு வருவார், அடுத்தபடி தெ. பொ. மீ. வருவார். மூன்றாவதாக ஒரு மீனாட்சிசுந்தரம் உண்டு. அவரை நம்மவர்களில் அநேகருக்குத் தெரியாது. 1913-ல் திருச்சூரில் பிறந்து, சென்னையில் லயோலா கல்லூரியில் படித்து, 1934-ல் ஆனர்ஸ் தேறியவர். அவருடைய பெயரும் சுவீடன் தேசத்துக் கணிதர் பிளெய்யலின் பெயரும் சேர்ந்து இன்று உலகமெங்கும் கணித நூல்களில் அச்சாகின்றன. நான் கணிதம் படித்தவன் அல்ல. தெரிந்தவர்களிடம் கேட்டும், கேட்டதைத் திரும்பத் திரும்ப யோசித்தும், அவர் செய்த காரியம் இன்னது என்று ஒருவாறு விளங்கிக்கொண்டிருக்கிறேன். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. தலையைச் சுற்றுமோ என்று வாசகர்கள் பயப்பட வேண்டாம், சந்தையிலிருந்தே தொடங்கலாம்.

சந்தையில் மண்பானை வாங்குகிற பெண்பிள்ளையைக் கவனித்திருப்பீர்கள். பானையைத் தூக்கிப் பிடித்து விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுகிறாள். 'கணீர்' என்றால் வாங்குகிறாள். 'டொப்' என்றால் கீழே வைத்துவிடுகிறாள். கண்ணுக்குத் தெரியாத கீறல் காதுக்குத் தெரிந்துவிடுகிறது. இதே காரியத்தை எவ்வளவு தூரம் கொண்டு போகலாம்? ஒரு பொருள் எழுப்புகிற நாதத்தை மட்டும் கேட்டு, அந்தப் பொருளைக் கண்ணால் பாராமலே, அதன் வடிவத்தைச் சொல்லிவிட முடியுமா? லாரன்ட்ஸ் என்ற டச்சு விஞ்ஞானி 1910-ல் ஜெர்மனியில் கெட்டிங்கன் நகரத்தில் பிரசங்கம் செய்தபோது இந்த மாதிரி ஒரு கேள்வியைப் போட்டார். ஹெர்மன் வைல் என்ற வாலிபர் மறு வருஷமே அதற்குப் பதில் சொன்னார். ஒரு தோல் வாத்தியத்தின் எல்லா ஸ்வரங்களையும் கேட்டால், அதன் பரப்பளவு எவ்வளவு என்று நிச்சயமாகச் சொல்லிவிடலாம் என்பதை நிரூபித்தார். பரப்பளவு சரி, மற்றவை?

இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுகிற கணிதத்துக்குச் சார்புகளின் பகுப்பாய்வு என்று பெயர். கல்லூரிகளில் ஃபங்க்ஷனல் அனாலிஸிஸ் என்பார்கள். பெயர்தான் மிரட்டுகிறது. அதன் மூல எண்ணம் ஒரு கவிஞனுக்குத் தோன்றியிருக்க வேண்டியது என்பது என் அபிப்பிராயம். பானையைத் தட்டியதும் அதன் ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு அளவுக்கு அசைகிறது அல்லவா? அந்த அசைவு முழுவதையும் சேர்த்து ஒரே ஒரு புள்ளி என்று வைத்துக்கொள்கிறார்கள். நாம் வாழ்கிற வெளிக்கு நீளம், அகலம், உயரம் என்று மூன்று திசை போதும். அந்தப் புள்ளி வாழ்கிற வெளிக்கு எண்ணி முடியாத திசைகள் வேண்டும். அப்படி ஒரு வெளியை மனசால் கட்டிவிட்டு, அதற்குள் நம் வீட்டு முற்றத்தில் நடப்பதுபோல நடந்து, தூரம் அளந்து, கோணம் பார்க்கிறார்கள். ஜெர்மனியில் ஹில்பர்ட்டும் போலந்தில் பானாக்கும் இதற்கு அடிகோலினார்கள். நம் பக்கத்தில் சிதம்பரத்தில் அண்ணாமலை சர்வகலாசாலையில் வி. கணபதி ஐயர் இந்த வழியில் நல்ல வேலை செய்தார்.

மீனாட்சிசுந்தரம் செய்தது இது. ஒரு பூசணிக்காயின் மேல்தோலை எண்ணிக்கொள்ளுங்கள். ஓரம் என்பதே இல்லாத வளைந்த பரப்பு. அதன் மேல் ஓரிடத்தில் துளி சூட்டை வைத்தால் அது நாலு பக்கமும் பரவுகிறது. பரவத் தொடங்குகிற முதல் கணத்தில் அந்தச் சூட்டுக்குப் பூசணிக்காய் எவ்வளவு பெரியது என்று தெரியாது. தான் இருக்கிற இடத்தின் வளைவு மட்டுமே அதற்குத் தெரியும். இப்படி எல்லா இடத்திலும் பார்த்துக் கூட்டினால் அந்தப் பரப்பைப் பற்றிய ஒரு கணக்குக் கிடைக்கும். அதே கணக்கை மற்றொரு வழியிலும் போடலாம். அந்தப் பரப்பு அதிர்ந்தால் எழும் ஸ்வரங்களையெல்லாம் ஒரு விதமாகக் கூட்டினாலும் அதே தொகைதான் வரும். ஆக, ஒரு பக்கம் நாதம், மறுபக்கம் வடிவம், நடுவில் சூடு. அந்தத் தொகையை அடுக்கடுக்காகப் பிரித்து எழுதலாம் என்றும், ஒவ்வோர் அடுக்கிலும் வடிவத்தின் ஒவ்வொரு ரகசியம் ஒளிந்திருக்கிறது என்றும், எந்தப் பரிமாணத்திலுள்ள வளைந்த வெளிக்கும் இது பொருந்தும் என்றும் அவர்கள் இருவரும் காட்டினார்கள். 1949-ல் அந்தக் கட்டுரை கனடா தேசத்துக் கணித இதழில் வெளிவந்தது. பின்னால் 1967-ல் மக்கீன், சிங்கர் என்ற இருவர் அந்த அடுக்குகளில் ஒன்றைப் பிரித்துப் பார்த்து, நாதத்தைக் கேட்டே அந்தப் பரப்புப் பூசணிக்காயா மெதுவடையா என்று, அதாவது நடுவில் ஓட்டை உண்டா இல்லையா என்று, சொல்லிவிடலாம் எனக் கண்டார்கள். (மெதுவடை என்னுடைய உதாரணம். அவர்கள் மேல் பழி வேண்டாம்.)

இப்படிப்பட்ட காரியத்தைச் செய்தவர் எப்படி வாழ்ந்தார்? முதலில் சென்னையில் ஆனந்தராவிடம் ஆராய்ச்சி மாணவர். 1937-ல் பிரான்சு தேசத்திலிருந்து ரசீன் என்ற ஜேசு சபைப் பாதிரியார் வந்து சேர்ந்தார். முதல் உலக யுத்தத்தில் காயம்பட்டவர். பாரிசில் எலி கார்த்தானிடம் கணிதம் பயின்றவர். அவருடைய பழக்கத்தால் மீனாட்சிசுந்தரத்தின் பார்வை புதிய திசையில் திரும்பியது. 1940-ல் சென்னைச் சர்வகலாசாலை அவருக்கு டி. எஸ்ஸி. பட்டம் அளித்தது. பட்டம் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்து ஜீவனம் நடத்தினார். பிறகு ஆந்திர சர்வகலாசாலையில் விரிவுரையாளர் பதவி வந்தது. அமெரிக்கக் கணிதர் மார்ஷல் ஸ்டோன் இவருடைய தரத்தை அறிந்து துணை நின்றார். 1946-ல் பிரின்ஸ்டன் உயர் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார். ஐன்ஸ்டீன் இருந்த அதே நிலையம். லாரன்ட்ஸின் கேள்விக்கு விடை சொன்ன ஹெர்மன் வைலும் அப்போது அங்கேதான் இருந்தார். இரண்டு வருஷம் அங்கே இருந்தார். மேலே சொன்ன கட்டுரை அந்த இரண்டு வருஷத்தின் விளைச்சல்.

பிறகு திரும்பி வந்தார். 1950-ல் வால்டேரில் ஆந்திர சர்வகலாசாலையின் பேராசிரியரானார். 1952-ல் கே. சந்திரசேகரனுடன் சேர்ந்து எழுதிய ஒரு நூல் வெளிவந்தது. 1958-ல் எடின்பரோவில் நடந்த உலகக் கணித மாநாட்டில் பேசும் கௌரவம் கிடைத்தது. 1968-ல், ஐம்பத்தைந்து வயது நிறைவதற்குமுன், காலமானார். கௌரவமான வாழ்க்கைதான்; குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் 1949-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு நிகராக மற்றொன்றை அவர் எழுதவில்லை.

ஏன் என்று கேட்டால் நூறு காரணம் சொல்லலாம். ஒரு மனிதனின் உள்ளத்தில் ஊற்று ஏன் பெருகுகிறது, ஏன் வற்றுகிறது என்பதை வெளியிலிருந்து எவரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. என் ஊகத்தை மட்டும் சொல்கிறேன். வால்டேரில் கடற்காற்று உண்டு, அழகான குன்றுகள் உண்டு. மாலையில் கடற்கரையில் உலாவும்போது, "நேற்று நீர் சொன்ன அந்த இடத்தில் ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிக்கிற துணை ஒருவர் அங்கே இல்லை.

துணை என்ன அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்பவர்களுக்காகப் பானாக்கின் கதையைச் சொல்ல வேண்டும். லூவுவ் என்பது அப்போது போலந்தில் இருந்த ஒரு நகரம். இப்போது உக்ரேன் தேசத்தில் இருக்கிறது. அங்கே ஸ்காட்டிஷ் கபே என்று ஒரு காபி ஹோட்டல். பானாக்கும் அவர் சகாக்களும் அங்கே போய் உட்கார்ந்தால் மணிக்கணக்கில் எழுந்திருக்க மாட்டார்கள். பளிங்கு மேஜையின் மேலேயே பென்சிலால் கணக்குப் போடுவார்கள். மறுநாள் ஹோட்டல்காரன் மேஜையைத் துடைத்தால் தேற்றமும் சேர்ந்து போய்விடும். இதைப் பார்த்துப் பானாக்கின் மனைவி 1935-ல் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வாங்கி வந்து கொடுத்தாள். ஹோட்டல்காரர்களிடமே அது பத்திரமாக இருக்கும். கேட்டால் காபியோடு கொண்டுவந்து வைப்பார்கள். அதில் ஒருவர் கேள்வி எழுதுவார், மற்றவர் விடை எழுதுவார். சில கேள்விகளுக்குப் பரிசும் உண்டு. மாஸூர் என்பவர் 1936-ல் எழுதிய ஒரு கேள்விக்கு உயிருள்ள வாத்து ஒன்று பரிசு. பிறகு யுத்தம் வந்தது. ஜெர்மானியர் ஆட்சியில் பானாக் உயிர் பிழைக்கச் செய்த உத்தியோகம் என்ன தெரியுமா? டைஃபஸ் காய்ச்சலுக்குத் தடுப்பு மருந்து செய்கிற நிலையத்தில், தன் உடம்பின் ரத்தத்தைப் பேன்களுக்கு ஊட்டுவது. 1945-ல் அவர் இறந்தார். சகாக்களில் பலர் கொல்லப்பட்டார்கள். மற்றவர்கள் திசைக்கொருவராகச் சிதறினார்கள். நோட்டுப் புத்தகம் மட்டும் பிழைத்தது. அந்த வாத்துக் கேள்விக்கு 1972-ல்தான் விடை கிடைத்தது. பெர் என்ஃப்லோ என்ற சுவீடன் வாலிபர் கண்டுபிடித்து, வாத்தையும் வாங்கிக்கொண்டு போனார்.

யோசித்துப் பாருங்கள். பானாக் மேதைதான். ஆனால் ஒரு காபி ஹோட்டலும், அதில் நாலு நாற்காலியும், ஒரு நோட்டும் இல்லாதிருந்தால், அந்தத் துறை இன்றிருக்கிற வடிவில் இருந்திராது.

இதற்கு எதிர்வாதம் எங்கள் ஊர்ப்பக்கத்திலேயே தயாராக இருக்கிறது. நாமக்கல் எங்களுக்கு இருபது கிலோமீட்டர். நாமகிரித் தாயார் கனவில் வந்து ராமாநுஜத்துக்குக் கணக்குச் சொன்னாள் என்று இங்கே சிறு பிள்ளையும் சொல்லும். "அவருக்கு எந்தக் காபி ஹோட்டல் இருந்தது? எந்தச் சகா இருந்தான்? சிலேட்டும் பலப்பமும்தானே?" என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சிலேட்டுக் காலத்தில் அவர் கண்டுபிடித்தவற்றில் எவ்வளவோ, ஐரோப்பாவில் முன்பே கண்டு அச்சிட்டு அலமாரியில் வைத்தவை. அவரிடம் அதைச் சொல்ல ஆள் இல்லை. அவர் முப்பத்திரண்டு வயதில் இறந்ததைக்கூட விட, இளமையில் வழிகாட்ட ஆளின்றிக் கழிந்த அந்த வருஷங்களே பெரிய நஷ்டம் என்பது ஹார்டியின் அபிப்பிராயம். தாயார் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். கதைப்படி பார்த்தாலும் அவள் அவரை "ஊரிலேயே இரு" என்று சொல்லவில்லை. கடல் தாண்டக் கூடாது என்று சாஸ்திரம் தடுத்தபோது, "போய் வா" என்று உத்தரவு கொடுத்தவளே அவள்தான் என்கிறார்கள். 1914-ல் கப்பலேறினார். ஹார்டி கிடைத்தார். அந்தக் கதையைச் சொல்லிப் பெருமைப்படுகிற நாம் அதன் இந்தப் பாகத்தைக் காதில் வாங்கிக்கொள்வதில்லை.

இந்த யோசனையெல்லாம் எனக்குச் சும்மா வரவில்லை. எங்கள் ஊர்க் கொடிக்கால்காரர் ஒருவருடைய மகன் சென்னையில் கணிதம் படிக்கிறான். போன தை மாதம் அவர் என்னிடம் வந்து உட்கார்ந்தார். வேலூர் வெற்றிலைச் சந்தையில் ஒரு சுமைக்கு 104 கவுளி. கவுளிக்கு நூறு வெற்றிலை. இந்தக் கணக்கில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. மகனுடைய கணக்குத்தான் அவருக்குப் பிடிபடவில்லை.

"ஏனுங்கண்ணா, பையன் என்னமோ வெளிங்கறான், எண்ணமாட்டாத திசைங்கறான். நானும் தலையாட்டிக்கிட்டுத்தான் இருக்கறேன். இது எதுக்குங்க ஆகும்?"

நான் வழக்கமாகச் சொல்கிற பதிலைச் சொன்னேன். அணுவுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிற சாஸ்திரத்துக்கு இந்த வெளிதான் மொழி. ஃபான் நாய்மன் என்பவர் 1932-லேயே அதை எழுதிவிட்டார். அந்தச் சாஸ்திரம் இல்லாவிட்டால் உங்கள் சட்டைப் பையில் இருக்கிற போனும் இல்லை என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"அப்பிடீன்னா, எம்பையன் போனுக்காகவாங்க படிக்கறான்?"

இந்தக் கேள்வி என்னை அன்று இரவெல்லாம் தூங்கவிடவில்லை. அவர் சொன்னதுதான் சரி. "என்றைக்காவது பயன்படும்" என்று கணிதத்துக்கு வக்காலத்து வாங்குவது, பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணைப் பற்றிப் பேசாமல் அவள் மாமன் வீட்டுச் சொத்தைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கிறது. பொய்யில்லை, ஆனால் பேச்சு அதுவல்ல. மீனாட்சிசுந்தரம் தனிப்பாடம் சொல்லிப் பிழைத்த நாட்களில் இரவில் விளக்கடியில் உட்கார்ந்து எழுதினாரே, எதிர்காலத்தில் யாருக்கோ போன் செய்ய உதவும் என்றா எழுதினார்? சூடு பரவுவதற்கும் நாதம் எழுவதற்கும் நடுவில் ஓர் உறவு இருக்கிறது; அது அவர் பிறப்பதற்கு முன்பும் இருந்தது; அதைத் தெரிந்துகொள்ளாமல் சாவது அவருக்குச் சம்மதமில்லை. இதைப் பயன் என்று சொல்ல முடியாது. அழகு என்று சொல்லிவிட்டால் மோர்க்குழம்புக்கும் கோலத்துக்கும் சொல்கிற வார்த்தையாகப் போகிறது. உண்மை என்ற பழைய சொல்லே போதும் என்று நினைக்கிறேன்.

கொடிக்கால்காரர் அதோடு விடவில்லை. எழுந்து போகும்போது வாசலில் நின்று, தயங்கி, வந்த காரியத்தைக் கேட்டார். "படிப்பு முடிஞ்சு நம்மூருப் பக்கம் வந்துருவானுங்களா?"

அவருடைய தோட்டத்தையே காட்டிப் பேசத் தோன்றியது. காவேரிக் கரையில் கொடிக்கால் வைக்கிறவர்கள் முதலில் வெற்றிலைக் கொடியை ஊன்றுவதில்லை. முதலில் அகத்தி விதைக்கிறார்கள். அது ஓரளவு வளர்ந்த பிறகுதான் கொடி. அகத்தி நிழல் தருகிறது, மண்ணுக்குச் சத்துத் தருகிறது, கொடி பற்றி ஏறத் தண்டு தருகிறது. "அகத்தியில்லாமெ கொடி ஊனுனா என்ன ஆகுங்க?" என்று கேட்டேன். "தரையில படர்ந்து கெடக்கும். சாவாதுங்க. ஆனா எலை வராது" என்றார். நான் எங்கே வருகிறேன் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. மேற்கொண்டு எதுவும் பேசாமல் போய்விட்டார்.

திரும்பி வருகிறவனைப் புகழ்கிற நியாயத்தில் எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். ஒருவன் தன் தேசத்துக்குக் கடன்பட்டிருக்கிறான் என்கிறோம், ஒப்புக்கொள்கிறேன். அவனைப் படிக்க வைத்தது இந்த மண்ணின் வரிப்பணம். ஆனால் கடன் ஒரு பக்கத்துக் கணக்கா? வா என்று அழைக்கிறவன் வந்தவனுக்கு என்ன வைத்திருக்கிறான்? மாலை வைத்திருக்கிறான், பாராட்டு விழா வைத்திருக்கிறான், இறந்த பிறகு தெருவுக்குப் பெயர் வைக்கவும் தயாராயிருக்கிறான். பேச ஒரு துணையை மட்டும் வைத்திருக்கவில்லை. கிணற்றடியில் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கயிறு கொடுக்காதவன், தண்ணீர் இறைக்கவில்லையே என்று நொந்துகொள்ள உரிமை உள்ளவனா?

காலம் மாறவில்லை என்று சொல்லமாட்டேன். பம்பாயில் டாடா நிலையத்தில் சந்திரசேகரன் ஒரு பெரிய கணிதக் கூட்டத்தையே உண்டாக்கினார். அங்கே வேலை செய்த பத்தோடி என்ற வாலிபர்தான், மீனாட்சிசுந்தரம் விட்ட இடத்திலிருந்து சூட்டைத் தொடர்ந்து போய், 1971-ல் வியக்கத்தக்க ஒரு முடிவைக் கண்டார். 1973-ல் அத்தியா, பாட் என்ற இருவரோடு சேர்ந்து அவர் எழுதியது கணித உலகில் பிரசித்தம். பாவம், முப்பத்தொரு வயதில் 1976-ல் மறைந்தார். சென்னையில் 1962-ல் அல்லாடி ராமகிருஷ்ணன் கணித விஞ்ஞான நிலையத்தைத் தொடங்கினார். 1989-ல் சி. எஸ். சேஷாத்ரி தொடங்கிய நிலையம் இன்று சிறுசேரியில் நடக்கிறது. கொடிக்கால்காரரின் மகன் படிப்பது அங்கேதான். ஆகவே அவன் கடல் தாண்டாமலே துணை தேடிக்கொள்ளலாம். ஆனால் சிறுசேரி வேறு, வேலூர் வேறு. எங்கள் ஊரில் 1967 முதல் ஒரு கல்லூரி இருக்கிறது. அந்த மாதிரி நூறு ஊர்களில் நூறு கல்லூரிகள் இருக்கின்றன. ஓர் ஊருக்கு ஒரு நல்ல கணித ஆசிரியரை அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். ஒருவரை அனுப்புகிற இடத்துக்கு இருவரை அனுப்பிப் பாருங்கள் என்பது என் யோசனை. ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்கட்டும். சாயங்காலம் காவேரிப் பாலத்தில் நடந்துகொண்டே சண்டை போடட்டும். இரண்டாவது நாற்காலிக்கு ஆகிற செலவு, பாராட்டு விழாக்களுக்கு ஆகிற செலவைவிட அதிகமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இந்த யோசனையை ஒரு சிநேகிதரிடம் சொன்னேன். கல்லூரியில் பல காலம் பாடம் சொன்னவர். அவசரப்பட்டு எதையும் ஒப்புக்கொள்ளாதவர். "எல்லாம் சரி. முதல் ஆள் யார்?" என்றார்.

"ஏன்?"

"அகத்தி முதலில் என்கிறீர்களே, அந்த அகத்திக்கு யார் அகத்தி? துணை இல்லாத இடத்துக்கு வரக் கூடாது என்றால் எவரும் எந்த ஊருக்கும் வர முடியாது. முதலில் ஒருவன் வந்து, தனியாக நின்று, வெயில் காய வேண்டும். அவன் இழப்பு இழப்புதான். அதை யார் ஈடு செய்வது?"

பதில் சொல்லத் தோன்றவில்லை. ரசீன் பாதிரியார்தான் நினைவுக்கு வந்தார். பாரிசில் அவருக்குத் துணைக்குப் பஞ்சமா? அக்காலத்து பிரெஞ்சுக் கணிதத்தைப் புரட்டிப் போட்ட வாலிபர்களான ஹென்றி கார்த்தான், ஆந்த்ரே வெய்ல் முதலியவர்கள் அவருக்குத் தெரிந்தவர்கள். அதையெல்லாம் விட்டு, எங்கள் ஊரைக் கடந்து போகிற இதே காவேரியின் கரையில், திருச்சியில் வந்து இறங்கினார். 1939-ல் சென்னை லயோலாவுக்கு மாறினார். வகுப்பில் பாடம் நடத்துவதில் அவர் சமர்த்தர் அல்ல. வாய்க்குள்ளேயே பேசுவார் என்று அவருடைய மாணவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் எந்தப் புத்தகம் புதிது, எந்தக் கேள்வி உயிருள்ளது, யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர். மீனாட்சிசுந்தரத்தைத் திருப்பிவிட்டவர் அவர், சேஷாத்ரியையும் எம். எஸ். நரசிம்மனையும் பம்பாய்க்கு அனுப்பி வைத்தவரும் அவரே. நாற்பது வருஷத்துக்குச் சற்றுக் குறைவாக இங்கே இருந்தார். 1976-ல் இங்கேயே இறந்தார். கணிதப் புத்தகங்களில் அவர் பெயரால் வழங்குகிற தேற்றம் எதையும் நான் கண்டதில்லை.

அவர் துறவி, சபையின் கட்டளைக்கு வந்தவர் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். சிநேகிதரிடம் அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன்.

"வால்டேருக்கு வந்த மீனாட்சிசுந்தரத்துக்குக் கட்டளையிட்டது யார்?" என்று கேட்டார் அவர்.